புகழுரைக்கு ஒரு விகிதம்

ஒரு புறமிருந்து பார்த்தால் கண்ணாடியாகவும் மறுபுறமிருந்து பார்த்தால் ஜன்னலாகவும் தோன்றும் தடுப்பொன்றின் பின்னால் அமர்ந்துகொண்டு, எட்டுப் பேர் கூடித் தங்கள் கம்பெனியின் வருங்காலத் திட்டத்தை விவாதிக்கும்போது யார் எதைச் சொன்னார் என்பதை வாக்கியம் வாக்கியமாகத் தரம் பிரித்துக் குறித்துக்கொள்ளும் காரியம், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்துவந்தது. அந்த ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தியவர் மார்சியல் லொசாடா என்ற சிலி நாட்டு மனோதத்துவ நிபுணர். கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்தால், அவர் சொன்னது ஆமோதிப்பும் ஊக்கமுமா, அல்லது மறுப்பும் கிண்டலுமா என்பது முதற் கேள்வி. பிறர் கருத்தை அறிய விரும்பிக் கேட்டாரா, தம் கட்சியை நிலைநாட்டப் பேசினாரா என்பது இரண்டாவது. பேச்சு தங்களையும் தங்கள் கம்பெனியையுமே சுற்றிவந்ததா, வெளியுலகத்தை நோக்கியதா என்பது மூன்றாவது. இவ்வாறு 60 குழுக்களின் சம்பாஷணையை அளந்து, பிறகு ஒவ்வொரு குழுவும் ஈட்டிய லாபம், அதன் வாடிக்கையாளர் கொண்ட திருப்தி, மேலோரும் கீழோரும் உடன் உழைப்போரும் அதற்கு வழங்கிய மதிப்பு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 15 குழுக்கள் எல்லாவற்றிலும் தேறியவையாகவும், 19 குழுக்கள் எல்லாவற்றிலும் தவறியவையாகவும், மிஞ்சிய 26 இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்பவையாகவும் தெரியவந்தன.

லொசாடாவும் எமிலி ஹீஃபி என்ற அம்மையாரும் 2004-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, தேறிய குழுக்களில் ஒரு கண்டனச் சொல்லுக்குச் சராசரியாக 5.6 ஆமோதிப்புச் சொற்கள் இருந்தன. இடைத்தரக் குழுக்களில் ஏறக்குறைய 1.9, தவறிய குழுக்களிலோ 0.36, அதாவது ஒரு நல்ல வார்த்தைக்குக் கிட்டத்தட்ட மூன்று சுடுசொற்கள். நிர்வாகம் செய்கிறவர்களுக்கு இதைவிட ருசியான செய்தி இருக்க முடியாது. சம்பளத்தை உயர்த்த வேண்டியதில்லை, யந்திரங்களை மாற்ற வேண்டியதில்லை, நாவைச் சற்றுப் பழக்கி, திட்டுவதற்கு முன் ஐந்து முறை புகழ்ந்துவிட்டால் போதும் என்று அந்த எண்ணைப் படித்தவர்களில் பலர் பொருள் கொண்டார்கள். முந்திய அத்தியாயங்களில் தனிமனிதனின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிய நாம், அவனை வேலைக்கு வைத்திருப்பவரின் கடமையைப் பற்றிப் பேசப் புகும் இவ்விடத்தில், அந்த எண் எங்கிருந்து வந்தது, எப்படி உயர்ந்தது, எப்படி விழுந்தது என்ற வரலாற்றை முதலில் பார்ப்பது பொருத்தமாகும்.

மனிதனின் நோயைப் போலவே அவனது நலத்தையும் மனோதத்துவம் ஆராய வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. ஆபிரகாம் மாஸ்லோ 1954-ல் எழுதிய நூலின் இறுதி அத்தியாயத்துக்கே நேர்மறை உளவியலை நோக்கி என்ற பொருளில்தான் தலைப்பிட்டிருந்தார். அந்த மாஸ்லோவை 1962-ஆம் வருஷத்துக் கோடைக்காலத்தில் தம் தொழிற்சாலைக்கு விருந்தாளியாக அழைத்தவர் ஆண்ட்ரூ கே என்ற முதலாளி. கலிபோர்னியாவில் டெல் மார் என்ற ஊரில் மின்னழுத்தத்தை எண்ணாகக் காட்டும் மீட்டர்களைச் செய்துவந்த அவருடைய நான்-லீனியர் ஸிஸ்டம்ஸ் கம்பெனியில், வருகை நேரத்தைப் பதியும் கடிகாரம் எடுக்கப்பட்டது. உதிரிப்பாகங்களை வரிசையாகக் கடத்திவிடும் முறை ஒழிக்கப்பட்டு, சிறு குழுவொன்று ஒரு கருவியை முதலிலிருந்து கடைசி வரை தானே செய்து முடிக்கும் முறை வந்தது. மாஸ்லோ அங்கே உலாவிக்கொண்டே எழுதிய நாட்குறிப்பு 1965-ல் புத்தகமாயிற்று. அதில் உற்சாகம் நிறைய உண்டு. ஆனால், நோயாளிகளோடு பழகித் தாம் உருவாக்கிய ஊகங்களைத் தொழில் நிர்வாகிகள் மறு சோதனையின்றி அப்படியே விழுங்குகிறார்களே என்ற அச்சமும், நல்ல நிலையில் உள்ள மனிதர்களுக்கும் நல்ல காலத்துக்கும் பொருந்துவது மற்றவற்றுக்கும் பொருந்துமா என்ற ஐயமும் அதில் உண்டு. புத்தகம் வெளிவந்த சமயத்தில் விற்பனை சரிந்து, கம்பெனி தன் புதுமைகளில் பலவற்றைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மாஸ்லோவைப் புகழ்ந்து பேசும் மேலாண்மை ஆசிரியர்கள் இந்தப் பின்பகுதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

1998-ல் அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தின் தலைவரான மார்ட்டின் செலிக்மன் அதே எண்ணத்தை மீண்டும் எடுத்து, அதற்குப் பணமும் பத்திரிகைகளும் மாணவர்களும் கிடைக்கும்படி செய்தார். அவ்வாறு பிறந்த நேர்மறை உளவியல் இயக்கத்தின் மிகச் சிறந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் பார்பரா ஃப்ரெட்ரிக்ஸன். அச்சமும் சினமும் மனிதனின் பார்வையைக் குறுக்கி, ஓடு அல்லது அடி என்ற இரண்டில் ஒன்றுக்கு அவனைத் தயாராக்குகின்றன. மகிழ்ச்சியும் ஆவலும் நன்றியுணர்ச்சியும் அவன் பார்வையை விரித்து, அறிவையும் நட்பையும் உடல் வலிமையையும் அவனுக்குள் சேமிப்பாகச் சேர்க்கின்றன என்பது 1998-லும் 2001-லும் அவர் வெளியிட்ட கொள்கை. ஆபத்து வேளையில் சினம் எதற்குப் பயன்படும் என்பதைச் சொல்ல டார்வின் காலத்திலிருந்தே ஆட்கள் உண்டு. ஆபத்தில்லாத வேளையில் தோன்றும் மகிழ்ச்சி எதற்குப் பயன்படும் என்று கேட்டதுதான் அவருடைய தனிப் பெருமை.

இவரும் லொசாடாவும் சேர்ந்து 2005-ல் ‘அமெரிக்கன் ஸைக்காலஜிஸ்ட்’ என்ற பெரும் பத்திரிகையில் ஒரு கட்டுரையைப் பிரசுரித்தார்கள். 188 கல்லூரி மாணவர்கள் 28 நாட்கள் தங்கள் உணர்ச்சிகளை இரவுதோறும் குறித்துக் கொடுத்ததையும், லொசாடாவின் கணித மாதிரியையும் இணைத்து, நல்லுணர்ச்சிக்கும் தீயுணர்ச்சிக்கும் உள்ள விகிதம் 2.9013 என்ற எல்லையைத் தாண்டினால் மனிதனும் குழுவும் செழிக்கும் என்றும், அதற்குக் கீழே வாடும் என்றும், 11.6346-க்கு மேலே போனால் செழிப்புச் சிதறும் என்றும் அவர்கள் கண்டார்கள். நான்கு தசம ஸ்தானங்கள் வரை துல்லியமாகச் சொல்லப்பட்ட மனித மகிழ்ச்சி! மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று சுருங்கி அவ்வெண்கள் பயிற்சி வகுப்புகளிலும், நிர்வாகப் பத்திரிகைகளிலும், மேடைப் பேச்சுகளிலும் உலவின. 2013 மார்ச்சில்கூட ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ புகழ்ச்சிக்கும் கண்டனத்துக்கும் உகந்த விகிதம் எது என்று கேட்டு, லொசாடாவின் எண்ணையே விடையாகத் தந்தது.

அதே வருஷம் அது விழுந்தது. வீழ்த்தியவர் பெரிய பேராசிரியர் அல்லர். நிக் பிரவுன் என்ற ஆங்கிலேயர் கணினித் துறையில் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஐம்பது வயதைக் கடந்தபின் கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் இதே நேர்மறை உளவியலைப் பகுதிநேர மாணவராகப் படிக்கச் சேர்ந்தவர். வகுப்பில் 2.9013-ஐப் பற்றிக் கேட்டபோது மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் அது நெருடிற்று. சமன்பாடுகளைத் தேடிப் படித்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஆலன் சோகலுக்கு எழுதினார். வேண்டுமென்றே பிதற்றலாக எழுதிய ஒரு கட்டுரையைப் பண்பாட்டு ஆய்வுப் பத்திரிகையொன்று ஏற்று அச்சிடும்படி 1996-ல் செய்து உலகப் பிரசித்தி பெற்றவர் அந்த சோகல். இவர்களோடு ஹாரிஸ் ஃபிரீட்மன் என்ற மனோதத்துவ நிபுணரும் சேர, மூவரும் எழுதிய மறுப்பை அதே ‘அமெரிக்கன் ஸைக்காலஜிஸ்ட்’ வெளியிட்டது.

அவர்கள் காட்டிய குறை, கணிதம் அறியாதவருக்கும் விளங்கக்கூடியது. எட்வர்ட் லோரென்ஸ் என்ற வானிலை நிபுணர் 1963-ல், கீழிருந்து சூடேற்றப்படும் திரவப் படலம் எவ்வாறு புரண்டு சுழலும் என்பதை மூன்று சமன்பாடுகளில் சுருக்கியிருந்தார். அவற்றில் திரவத்தின் சுழற்சியும் வெப்ப வித்தியாசங்களும் நின்ற ஸ்தானங்களில், லொசாடா தம் கேள்வி-வாதம், தாம்-பிறர், ஆமோதிப்பு-கண்டனம் என்ற மூன்று அளவுகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஏன் நிறுத்தலாம் என்பதற்குக் காரணம் எங்கும் சொல்லப்படவில்லை. திரவத்தின் பிசுப்புக்கும் அதனுள் வெப்பம் பரவும் தன்மைக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் ஓரிடத்தில் லோரென்ஸ் 10 என்ற மதிப்பையும், இன்னோரிடத்தில் 8/3 என்ற மதிப்பையும் உதாரணத்துக்காக வைத்திருந்தார். அவையும் அப்படியே குடியேறின. எட்டு உத்தியோகஸ்தர் கூடிய கூட்டத்துக்குப் பிசுப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. லோரென்ஸ் அன்றைக்கு வேறு மதிப்புகளைத் தேர்ந்திருந்தால், மனித குலம் செழிப்பதற்குரிய எல்லையும் 2.9013-ஆக இராமல் வேறெதுவாகவோ ஆகியிருக்கும்.

லொசாடா பதில் எழுதவில்லை. ஃப்ரெட்ரிக்ஸன் எழுதினார், கணித மாதிரியையும் அதிலிருந்து பிறந்த எல்லை எண்களையும் கைவிட்டு, நல்லுணர்ச்சி மிகுந்திருப்பது நலம் என்ற பொதுவான முடிவை மட்டும் நிலைநிறுத்தினார். அவருடைய அடிப்படைக் கொள்கையை இந்த விபத்து தீண்டவில்லை என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் அலுவலகத் தலைவர்களுக்கு அந்த எண் கற்பித்த பாடத்தைப் பற்றி எனக்கு வேறு வருத்தம் உண்டு. சமன்பாடு சரியாகவே இருந்திருந்தாலும், அந்த 60 குழுக்களின் கணக்கு எதை நிரூபிக்கிறது? லாபம் கொழிக்கிற குழுவில் பேச்சு இனிமையாகத்தான் இருக்கும். நஷ்டத்தில் மூழ்குகிற குழுவில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். மழை வந்தால் தவளை கத்துகிறது என்பதைக் கண்டு, தவளைகளைப் பிடித்துக் கத்தவைத்தால் மழை வரும் என்று எண்ணுவதற்கும், வேலை செழிக்கும் இடத்தில் புகழுரை கேட்கிறது என்பதைக் கண்டு, புகழுரையைப் பொழிந்து வேலையைச் செழிக்க வைக்கலாம் என்று எண்ணுவதற்கும் தர்க்கத்தில் வித்தியாசம் இல்லை. அப்படியானால் மழையை வரவழைப்பது எது?

இதற்கு ஒரு விடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. 1990-களின் முற்பகுதியில் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஏமி எட்மண்ட்சன், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயும் குழுவொன்றில் சேர்ந்து, இரண்டு ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த எட்டுப் பிரிவுகளைப் பார்த்தார். தலைமை நன்றாயிருந்து, செவிலியர் ஒற்றுமையாக உழைக்கும் பிரிவில் தவறு குறைவாயிருக்கும் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய ஊகம். அவருக்கும் அதுவே தோன்றியிருந்தது. கணக்கு வந்தபோது நேர்மாறாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை அதிகம் வெளியே சொன்னார்கள் என்ற விளக்கம் அவருக்குப் பிறகுதான் பிடிபட்டது. அதைச் சரிபார்க்க, முடிவுகளை அறியாத வேறொருவரை அனுப்பி அந்தப் பிரிவுகளின் சூழலைக் கவனிக்கச் செய்தார். சில பிரிவுகளில், மனிதர் வேலை செய்யும் இடத்தில் தவறு நேரத்தான் செய்யும், அதைச் சொன்னால்தான் அடுத்த நோயாளி பிழைப்பார் என்ற பேச்சு சர்வ சாதாரணமாயிருந்தது. வேறு சில பிரிவுகளில், ஒரு தவறு தெரிந்துவிட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏறியதாகவே செவிலியர் உணர்ந்தார்கள்.

இந்த ஆய்வு 1996-லும், ஒரு தொழிற்கம்பெனியின் 51 குழுக்களை வைத்து இதே கருத்தை விரிவாகச் சோதித்த ஆய்வு 1999-லும் வெளிவந்தன. கூகுள் கம்பெனி 2012 முதல் தன் சொந்தக் குழுக்கள் சுமார் 180-ஐத் துருவிப் பார்த்து, நல்ல குழுவை அடையாளம் காட்டும் முதல் அம்சம், வாய்விட்டுப் பேசினால் அவமானம் நேராது என்ற நம்பிக்கையே என்று கண்டபோது, அந்த நம்பிக்கைக்கு எட்மண்ட்சன் தந்திருந்த பெயரையே எடுத்துக்கொண்டது. இங்கே கவனிக்க வேண்டியது, இனிய சொற்களின் எண்ணிக்கை இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதே. புகழ்ச்சி மட்டுமே செல்லுபடியாகும் அலுவலகத்தில் கெட்ட செய்தி மேலே போகாது. ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கட்டளையாக்கினால், ஆபத்தை முதலில் கண்டவன், தன் பங்குக்கு ஐந்து நல்ல செய்திகளைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில் கப்பல் மூழ்கிப்போகலாம்.

இன்னொரு விடை, நேர்மறை உளவியலின் இலக்கியத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சியிலிருந்து வருகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தெரசா அமபிலேயும், அவருடன் சேர்ந்து உழைத்த ஸ்டீவன் கிராமரும் ஏழு கம்பெனிகளைச் சேர்ந்த 26 குழுக்களில் 238 பேரிடம், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஒரு படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்டார்கள். அன்றைய மனநிலையையும் ஊக்கத்தையும் எண்களால் குறிக்க வேண்டும்; பிறகு, அன்றைய நாளில் மனத்தில் நின்ற ஒரேயொரு சம்பவத்தை எழுத வேண்டும்.   ஏறக்குறைய 12,000 குறிப்புகள் சேர்ந்தன. வேலை செய்யும் இடத்தில் ஒரு நாள் நன்றாகப் போயிற்று என்று ஒரு மனிதன் எண்ணுவதற்கு எது காரணமாகிறது என்பதை அவன் வாயாலேயே, அவன் அறியாமலேயே சொல்லவைத்த உபாயம் இது.

நல்ல மனநிலையோடு முடிந்த நாட்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 76 சதவிகிதத்தில் வேலை ஓரடியாவது முன்னேறியிருந்தது. 13 சதவிகிதத்தில்தான் தடை நேர்ந்திருந்தது. மிக மோசமான மனநிலையோடு முடிந்த நாட்களில் 67 சதவிகிதம் தடைப்பட்ட நாட்கள். முன்னேற்றம் கண்டவை 25 சதவிகிதமே. அந்த முன்னேற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு நாளாகப் பிடி கொடுக்காத கணினிப் பிழை அகப்பட்டது, கேட்ட விவரம் வேறொரு பிரிவிலிருந்து வந்து சேர்ந்தது என்ற அளவிலான சங்கதிகளே போதுமானவை. காரியத்தைப் பொறுத்தவரை அற்பமென்று மதிக்கப்பட்ட சம்பவங்களில் 28 சதவிகிதம், செய்தவர் மனத்தில் பெரும் பாதிப்பை உண்டாக்கியிருந்தன. ஒன்று மட்டும் கசப்பானது: முன்னேற்றம் தூக்கிவிடும் அளவைக் காட்டிலும் தடை கீழே தள்ளும் அளவு பெரிது.

இதன் பிறகு ஆசிரியர்கள் செய்த காரியம் சற்றுக் குறும்பானது. 669 மேலாளர்களிடம், தொழிலாளியின் ஊக்கத்தை வளர்ப்பவை என்று ஐந்து அம்சங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள்: நல்ல வேலைக்கு அங்கீகாரம், பணப் பரிசு, மனிதர்க்கு மனிதர் ஆதரவு, தெளிவான குறிக்கோள், வேலை முன்னேறுவதற்கான உதவி. 12,000 குறிப்புகள் எதை முதலில் வைத்தனவோ அந்த முன்னேற்றத்தை மேலாளர்கள் கடைசியில் வைத்தார்கள். தினந்தோறும் கூடவே இருந்து பார்ப்பவர்கள் இவ்வளவு தவறியது எப்படி என்று வியப்பதற்குமில்லை. புகழ்வது கண்ணுக்குத் தெரியும் செயல்; புகழ்ந்தவருக்கும் அதில் ஒரு திருப்தி உண்டு. கையெழுத்துக்குக் காத்திருக்கும் காகிதத்தை உடனே பார்த்து அனுப்புவது, இரண்டு இலாகாக்களுக்கு நடுவே சிக்கிய கோரிக்கையைத் தொலைபேசியில் பேசி விடுவிப்பது, வாரத்துக்கொரு முறை குறிக்கோளை மாற்றாமல் இருப்பது ஆகியவற்றுக்கு மாலை விழுவதில்லை. ஆனால் அந்த நாட்குறிப்புகளை நம்பினால், தலைமை என்பதில் பெரும்பகுதி இந்தச் சில்லறை வேலைதான்.

மகிழ்ச்சியைக் கட்டளையாக விதிக்கும் மடமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆர்லி ஹாக்சைல்ட் என்ற சமூகவியல் அறிஞர் 1983-ல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முன்னவர் எப்போதும் புன்னகைக்க வேண்டும். பின்னவர் எப்போதும் சீற வேண்டும். இரண்டுமே கூலிக்கு விற்கப்படும் உணர்ச்சிகள், இரண்டிலும் தேய்மானம் உண்டு என்றார் அவர். ஊழியர்களை வட்டமாக நிறுத்திக் கைதட்டவைத்து, நன்றிப் பட்டியல் எழுதவைத்து, அதன் பிறகு வழக்கம்போல் காரணம் சொல்லாமல் மேசையை மாற்றும் அலுவலகங்களை நினைத்தால், கடன் வசூலிப்பவரின் நேர்மையான சீற்றம் எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதனால் நல்லுணர்ச்சியைத் தலைவர் ஒருவர் வேண்டுமென்றே உண்டாக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. பழைய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்கும் ஊழியர்களை வைத்து ஆடம் கிராண்ட் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் 2007-ல் வெளியிட்ட பரிசோதனை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அப்படித் திரட்டிய பணத்தால் உபகாரச் சம்பளம் பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு பகுதி ஊழியர்களைச் சில நிமிஷங்கள் சந்தித்துப் பேசினார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவிகிதமும், திரட்டிய தொகை 171 சதவிகிதமும் கூடியிருந்தன. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் மாறுதல் இல்லை. ஆட்களின் எண்ணிக்கை சொற்பமாதலால், அந்தச் சதவிகிதங்களை வேறெங்கும் அப்படியே எதிர்பார்ப்பது பேதைமை. ஆனாலும் அங்கே அதிகாரி யாரும் புகழவில்லை என்பதையும், உழைப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது மட்டும் கண்முன் காட்டப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் ஒன்றுக்கு வருவோம். செலிக்மன் புகழடைந்ததே ஒரு துயரமான பரிசோதனையால்தான். 1967-ல் அவரும் ஸ்டீவன் மையரும், தாம் என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களை, தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடக்கூடிய ஒரு பெட்டியில் விட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் படுத்து முனகின. எதுவும் தன் கையில் இல்லை என்பதை நாய் கற்றுக்கொண்டுவிட்டது என்று அன்று விளக்கம் தந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016-ல், மூளையின் உள்ளே பார்த்த ஆராய்ச்சிகளை வைத்து அவ்விருவருமே தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது கற்றுவருவதன்று, அது உயிரின் இயல்பான முதல் எதிர்வினை. தன் செயலால் நிலைமை மாறுகிறது என்பதுதான் கற்றுவருவது, அதைக் கற்கிற பணி மூளையின் முன்பகுதியில் நடக்கிறது என்றார்கள். அலுவலகங்களை ஆளுகிறவர்கள் இந்தத் திருத்தத்தை ஊன்றிப் படிப்பது நல்லது. ‘என் ஆட்களுக்கு எதிலும் ஆர்வமே இல்லை’ என்று அங்கலாய்க்கும் அதிகாரிக்கு, அந்த ஆட்களின் செயலால் இதுவரை எது மாறியிருக்கிறது என்ற எதிர்க் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

அந்தக் கேள்வியை, நேர்மறை உளவியல் என்ற இயக்கம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, வர்ஜீனியா மாகாணத்து மேரியன் என்ற ஊரில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்தார்கள். வேலை முறையைச் சிறிது மாற்றினாலும் உற்பத்தி விழுந்துவிடுகிறது, ஆட்கள் விலகிவிடுகிறார்கள் என்பது அங்கே தீராத தொல்லை. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் நடத்தி 1948-ல் வெளியிட்ட பரிசோதனையில், முதற் குழு இஸ்திரி போடும் 18 பேர். தேய்த்த உடுப்புகளை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டையின்மேல் அடுக்கிவந்தவர்கள், இனி அதே அளவுள்ள பெட்டிக்குள் அடுக்க வேண்டும். பெட்டியும் அட்டை இருந்த அதே இடத்தில்தான் இருக்கும். மாற்றம் அவ்வளவே. வழக்கப்படி அவர்களைக் கூட்டி, போட்டி நிலவரத்தைச் சொல்லி, புதிய கூலிக் கணக்கை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி அனுப்பினார்கள். உற்பத்தி சரிந்து, சரிந்த இடத்திலேயே நின்றது, மேற்பார்வையாளரோடு சச்சரவு, 40 நாட்களுக்குள் 17 சதவிகிதம் பேர் விலகினார்கள். கூலி குறைந்துவிட்டதென்று புகாரும் எழுந்தது. பரிசீலித்துப் பார்த்தால், கூலிக் கணக்கு அவர்களுக்குச் சற்றுச் சாதகமாகவே அமைந்திருந்தது!

தைத்த உடுப்பைச் சோதிக்கும் வேறு இரண்டு சிறு குழுக்களிடம், ஒன்றில் எட்டுப் பேர், மற்றதில் ஏழு பேர், செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் காரணத்தை விளக்கியபின், எப்படிக் குறைக்கலாம் என்பதை அவர்களே சேர்ந்து யோசித்துச் சொல்லும்படி விட்டார்கள். யோசனைகள் வந்த வேகத்தில் சுருக்கெழுத்தாளர் குறித்துக்கொள்ளத் திணறிப்போனார் என்று கட்டுரை சொல்கிறது. அந்தக் குழுக்கள் சில நாட்களில் பழைய வேகத்தைப் பிடித்து, பிறகு அதைக் காட்டிலும் 14 சதவிகிதம் வரை உயர்ந்தன, யாரும் விலகவில்லை. புகழுரை, பரிசு, கைதட்டல் எதுவும் அங்கே பிரஸ்தாபிக்கப்படவில்லை.

குறை சொல்ல இடமுண்டு. இஸ்திரி போடுவதும், தைத்த உடுப்பைச் சோதிப்பதும் வெவ்வேறு வேலைகள். ஆட்களும் மிகச் சிலர். முதற் குழுவில் 17 சதவிகிதம் என்பது மூன்று பேர்தான். ஃபிரெஞ்ச் வேறு இருவரோடு சேர்ந்து நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதேபோன்ற பரிசோதனையை நடத்தி 1960-ல் வெளியிட்டபோது, உற்பத்தியில் குறிப்பிடத்தக்க மாறுதல் தென்படவில்லை. தீர்மானங்கள் சில்லறை விஷயங்களைப் பற்றியவையாயிருந்ததும், அங்கத்திய தொழிலாளர் தங்கள் சங்கத்தின் மூலமே பேசிப் பழகியவர்கள் என்பதும் அதற்குக் காரணமாகலாம். தலைமைக்கு ஊர் தோறும் ஒரே சூத்திரம் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை வேண்டாம்.

ஆனால் முதற் குழுவினர் பிடிவாதக்காரர்களாகவும் மற்றவர்கள் நல்லவர்களாகவும் தற்செயலாக அமைந்துவிட்டார்களோ என்ற ஐயத்தை மட்டும் கோச்சும் ஃபிரெஞ்சும் அப்படியே விட்டுவிடவில்லை. அந்தக் குழுவினர் ஏற்கெனவே கலைக்கப்பட்டு வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். இரண்டரை மாதங்களுக்குப் பின், அவர்களில் எஞ்சியிருந்த 13 பேரையும் திரும்ப ஒன்றுசேர்த்து, வேறொரு புதிய இஸ்திரி வேலைக்கு மாற்றினார்கள். இம்முறை மாற்றத்தைத் திட்டமிடுவதில் அவர்களையே முழுக்கக் கலந்துகொண்டார்கள். அந்தப் பதின்மூன்று பேரும் பழைய வேகத்தை விரைவிலேயே எட்டி அதற்கு மேலும் சென்றார்கள். மேற்பார்வையாளரோடு சண்டை இல்லை. மாற்றத்துக்குப் பிந்திய 19 நாட்களில் ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.